மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு பீட்சா அட்டை

நவம்பர் 7, 2024, வியாழன்

பிராங்பர்ட்டிலிருந்து கொலோனுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் என்றார்கள். எனக்கு நான்கு மணி நேரம் ஆயிற்று. முதல் ரயில் ரத்து. இரண்டாவதில் உட்கார இடமில்லை. மூன்றாவது நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தார்கள். பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. இந்த ரயில் கொலோன் பிரதான நிலையத்துக்குப் போகாதாம். ஆற்றுக்கு இக்கரையில் டாய்ட்ஸ் என்ற இடத்தில் இறக்கிவிடுமாம். முந்தின நாள் இரவுதான் ஜெர்மனியின் சான்சலர் (நம் பிரதமர் போல) தன் நிதியமைச்சரை நீக்கி, ஆளும் கூட்டணி உடைந்திருந்தது. எதிர் இருக்கைக்காரர் மடியில் விரித்திருந்த செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க அதுதான். அவர் அதை மடித்து வைத்துவிட்டு ரயிலைப் பற்றித்தான் பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பினார்.

டாய்ட்ஸில் இறங்கியதும் முதல் தவறைச் செய்தேன். சாலையைக் கடக்கச் சிவப்பு விளக்கு. இந்தப் பக்கம் வண்டி இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அக்கரையில் தள்ளுவண்டியோடு நின்ற ஒரு மூதாட்டி என்னைப் பார்த்து ஒரு நீண்ட வாக்கியம் சொன்னார். பக்கத்தில் இருந்த இளைஞன் சங்கடத்தோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்: "குழந்தைகள் பார்ப்பார்கள் என்கிறார்." சுற்றிலும் பார்த்தேன். குழந்தை எதுவும் கண்ணில் படவில்லை.

பிறகு ஹோஹன்சோலர்ன் பாலத்தில் நடந்தே ரைன் ஆற்றைக் கடந்தேன். 1911-இல் கட்டிய ரயில் பாலம், ஓரத்தில் நடைபாதை. கம்பித் தடுப்பு முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள், சாவியை ஆற்றில் எறிந்துவிடுவார்களாம். நம் ஊர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது போலத்தான், ஆனால் எடை அதிகம். எதிரே மூடுபனிக்குள் பேராலயத்தின் இரண்டு கோபுரங்கள், கரி பூசியது போலக் கறுப்பாக. சூரியன் ஒரு வாரமாகவே வரவில்லை என்றார் விடுதிக்காரர், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அறை இரவுக்கு 74 யூரோ. கிட்டத்தட்ட 6,700 ரூபாய். ரூபாயில் கணக்குப் போடுவதை இத்துடன் நிறுத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அரை மணி நேரத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டிக்கு மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் விளையாட்டு, கலை, பண்பாடு பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. இந்த ஊருக்கு இந்தத் துறையில் பெயர் உண்டு. ஆகஸ்டில் கேம்ஸ்காம் என்ற பெரிய சந்தை இங்கேதான் கூடுகிறது. கிளாஷ் ஆஃப் ரியாலிட்டீஸ் என்ற ஆய்வு மாநாடு 2006-இல் இங்கேதான் தொடங்கியது. நான் வந்தது அவற்றுக்கு அல்ல. அறுபது பேர் கூடும் சிறிய கருத்தரங்கு. ஆற்றுக்குக் கிழக்கே முல்ஹைம் பகுதியில், சிவப்புச் செங்கல் தொழிற்சாலைகள் அலுவலகங்களாகிவிட்ட ஒரு தெருவில்.

வழி முழுக்க ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். "கணினி விளையாட்டு கலையா?" என்று யாராவது கேட்பார்கள், நான் இன்னது சொல்ல வேண்டும் என்று. யாருமே கேட்கவில்லை. இங்கே அந்தச் சண்டை பழைய கதை. 2008-லேயே ஜெர்மன் பண்பாட்டுப் பேரவை, இசைக்காரர்களுக்கும் நாடகக்காரர்களுக்கும் பக்கத்தில் விளையாட்டுத் தயாரிப்பாளர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டது. தயாரித்த பதிலைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு காலை முழுவதும் காபி குடித்தேன்.

காலையில் பேசியவர்களில் ஒருவர் 'பெயின்ஸ்டேஷன்' பற்றிச் சொன்னார். 2001-இல் இந்த ஊர் ஊடகக் கலைக் கல்லூரியின் மாணவர்கள் இருவர் செய்த எந்திரம். ஆட்டம் என்னவோ 'பாங்' என்ற பழைய கணினி விளையாட்டுதான்: இரண்டு மட்டை, ஒரு புள்ளி. ஆனால் இரண்டு பேரும் இடது கையை ஒரு தகட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். பந்தைத் தவறவிட்டால் தகடு சுடும், அல்லது மின்சாரம் கடிக்கும், அல்லது சிறிய சாட்டை ஒன்று புறங்கையில் விழும். கையை முதலில் எடுப்பவர் தோற்றவர். புள்ளிக் கணக்கு எதுவாக இருந்தாலும் சரி. இப்போது பெர்லின் கணினி விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறதாம். "இதில் யார் ஜெயித்தது, பந்தைத் தவறவிடாதவரா, வலி பொறுத்தவரா?" என்று ஒருவர் கேட்க, அதன்மேல் இருபது நிமிடம் ஓடியது.

என் முறை மதியத்துக்கு முன். ஆடு புலி ஆட்டம். நண்பன் ஒருவனும் நானுமாகக் கணினிக்குச் செய்த ஒரு சின்ன வடிவம். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்துமூன்று புள்ளிகள். கோயில் மண்டபத் தரைகளிலும் திண்ணைக் கற்களிலும் கீறிவைத்திருக்கிறார்களே, அதே கட்டம். மடிக்கணினியில் அழகாக இருந்தது. அரங்கத் திரையில் போட்டபோது கட்டத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுவிட்டது. புலிகள் உச்சியில் ஜம்மென்று நின்றன, அடிவரிசை ஆடுகள் திரைக்கு வெளியே. எவ்வளவு தட்டியும் சரியாகவில்லை. பன்னிரண்டு நிமிடம், கண்ணுக்குத் தெரியாத ஆடுகளைப் பற்றிப் பேசினேன். முன்வரிசையில் ஒருவர் மிகுந்த ஆர்வத்தோடு, ஆடுகள் தெரியாமல் இருப்பது வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் நேர்மையை நானே நொந்துகொண்டேன்.

மதியச் சாப்பாடு பீட்சா. சாப்பிட்டு முடித்த அட்டையின் உட்புறத்தில் ஒரு மாணவி பேனாவால் கட்டத்தை வரைந்துகொண்டு வந்தாள். கோடுகள் என்னுடையதைவிட நேர்த்தி. புலிக்கு மூன்று புட்டி மூடி, ஆட்டுக்கு ஒரு சென்ட் காசுகள். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். அப்புறம்தான் விசாரணை தொடங்கியது.

ஆடு எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகுதான் நகர்த்தலாமா, நடுவிலேயே நகர்த்தலாமா? புலிக்கு வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டுமா? ஒரே நகர்வில் இரண்டு ஆடு வெட்டலாமா? ஒரே நிலை மூன்று முறை திரும்பி வந்தால் ஆட்டம் சமமா? இவர்கள் 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த பலகை விளையாட்டுக்குப் பரிசு கொடுக்கிற நாட்டுக்காரர்கள். பெட்டிக்குள் விதிப்புத்தகம் இல்லாத விளையாட்டு என்றால், முகவரி இல்லாத கடிதம் போலப் பார்க்கிறார்கள். முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதில் உளறினேன். எங்கள் நிரலில் அதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆனால் அது நண்பன் ஒரு ராத்திரி அவசரத்தில் எழுதியது. அதை மரபு என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொரு மாணவன் என்னிடம் 'இட்லி' என்ற சொல்லை மிகக் கவனமாக உச்சரித்துக் காட்டினான். 'வெண்பா' என்ற கணினி விளையாட்டை ஆடியிருக்கிறானாம். கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு. டொராண்டோவில் செய்த அந்த விளையாட்டு இந்த ஆண்டு சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில் இரண்டு முறை தோற்றதாகச் சொன்னான். நிஜத்தில் சாப்பிட்டிருக்கிறாயா என்றேன். இல்லை. தோற்றது மட்டும்தான்.

இரவு எல்லோருமாகப் பழைய மதுக்கடை ஒன்றுக்குப் போனோம். நான் கறி சாப்பிடுவதில்லை. உணவு அட்டையில் 'ஹால்வர் ஹான்' என்று இருந்தது. கைப்பேசி அகராதி 'பாதிச் சேவல்' என்றது. அதைத் தவிர்த்துவிட்டு 'வானமும் பூமியும்' என்று பொருள்படும் ஒன்றைக் காட்டினேன். ஆப்பிளும் உருளைக்கிழங்கும் என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துத் தடுத்தார். வானம் ஆப்பிள், பூமி உருளைக்கிழங்கு, சரிதான். ஆனால் அதன்மேல் இரத்தத்தில் செய்த கறிக்குழல் வரும். பாதிச் சேவலைச் சொல்லுங்கள் என்றார். வந்தது: ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி, தடிமனான பாலாடைக்கட்டித் துண்டு, வெங்காயம், கடுகு. சேவலின் இறகு கூட இல்லை. 5 யூரோ 80 சென்ட். ஏன் இந்தப் பெயர் என்று மேசையில் நான்கு பேர் நான்கு கதை சொன்னார்கள்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். நீல மேலங்கி போட்ட பரிமாறுபவர் முகத்தில் சலனமே இல்லாமல், "துண்டும் சோப்பும் வேண்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர்களுக்கு இந்த ஊரில் கோபெஸ் என்று பெயர், வாடிக்கையாளரை அதட்டுவது வேலையில் சேர்த்தியாம். எனக்குப் பக்கத்தில் போலந்திலிருந்து வந்த ஆசிரியை. அவர் முன்னால் 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் கோப்பையில் கோல்ஷ் பீர். குடித்து முடித்ததும் கேட்காமலேயே அடுத்தது வந்தது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அட்டை வட்டத்தில் பென்சில் கோடு. வைத்ததை மீதம் விடக்கூடாது என்று அவர் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தார். ஐந்தாவது கோட்டில்தான் யாரோ சொன்னார்கள்: போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கோப்பையின் மேல் மூட வேண்டும். இல்லாவிட்டால் இரவு முழுவதும் வரும். "இதை எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே. மதியம் என்னைக் குடைந்தெடுத்த அதே மனிதர்கள் தோளைக் குலுக்கினார்கள். இது எல்லோருக்கும் தெரியுமே!

அறைக்கு வந்தும் மூன்றாவது கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே நள்ளிரவு ஒன்றரை, அம்பாசமுத்திரத்தில் காலை ஆறு. பெரியம்மா எழுந்திருப்பார். அழைத்தேன்.

"பெரியம்மா, ஆடு புலி ஆட்டத்தில் புலி ஒரே தடவையில் ரெண்டு ஆடு வெட்டலாமா?"

"ஏன் ராசா, யாராவது தகராறு செய்கிறார்களா?"

"இல்லை, கேட்கிறார்கள்."

"யார் ஆடுவது? சின்னப் பிள்ளை ஆடு வைத்து ஆடினால் புலிக்கு ஒரு வெட்டுதான். உன் பெரியப்பா மாதிரி ஆள் என்றால் எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம். நீ சாப்பிட்டாயா?"

பாலாடைக்கட்டி சாப்பிட்டேன் என்றேன். அதற்கு அவர் எதுவும் சொல்லவில்லை.

நவம்பர் 9, சனி

பெரியம்மாவின் விதியைக் காலையில் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கட்டம் வரைந்த மாணவி குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, "ஆடுபவர் சின்னப் பிள்ளையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது?" என்றாள். பெரியம்மாதான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

இன்றைய அமர்வுகளில் ஒன்று சட்டம் பற்றியது. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம்; கலை, ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. திரைப்படத்துக்கு அந்த விலக்கு எளிதாகக் கிடைத்தது, கணினி விளையாட்டுக்குக் கிடைக்கவில்லை. 'வுல்ஃபன்ஸ்டைன் 3டி' என்ற விளையாட்டைப் பற்றி 1998-இல் பிராங்பர்ட் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வைத்து, இருபது வருடம் எல்லாத் தயாரிப்பாளர்களும் சின்னங்களைத் தாங்களே அழித்துக்கொண்டு வந்தார்கள். 2017-இல் வந்த அதன் வழித்தோன்றல் ஒன்றின் ஜெர்மன் பதிப்பில் ஹிட்லருக்கு மீசை கிடையாது. பெயரும் மாறி 'ஹைலர்' ஆகிவிட்டது. திரையில் அந்தப் படத்தைக் காட்டினார்கள். மழித்த முகத்தோடு யாரோ வங்கி அதிகாரி போல இருந்தார். 2018 ஆகஸ்டில்தான் வயதுத் தரச்சான்று அமைப்பு, ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்று வழி திறந்தது. பெர்லின் குழு ஒன்று செய்த, நாஜிகளுக்கு எதிராக ரகசியமாக இயங்கும் சாதாரண மனிதர்களைப் பற்றிய விளையாட்டுதான் அந்தச் சின்னங்களோடு முதலில் வெளியே காட்டப்பட்டது.

பேசியவர் இதைக் கருத்துச் சுதந்திரத்தின் வெற்றி என்று முழங்கவில்லை. சின்னத்தை அழித்தபோது அதன் பின்னால் நடந்ததும் சேர்ந்து அழிந்தது என்று மட்டும் சொன்னார். மீசையில்லாத அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

மாலை கூட்டம் முடிந்து தெருவுக்கு வந்தபோதுதான் தேதியே உறைத்தது. 1938 நவம்பர் 9 இரவில்தான் நாடு முழுவதும் யூதர்களின் ஆலயங்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள். நடைபாதையில் ஆங்காங்கே தரையில் மெழுகுவர்த்தி எரிந்தது. அருகே போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவு பித்தளைத் தகடு, பத்து சென்டிமீட்டர் சதுரம். 'ஷ்டோல்பர்ஷ்டைன்', தடுக்கும் கல். 'இங்கே வசித்தவர்' என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். குந்தர் டெம்னிக் என்ற சிற்பி 1992-இல் முதல் கல்லைப் பதித்தது இந்த ஊரில்தான். இப்போது ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஒரு வீட்டு வாசலில் நடுவயதுப் பெண் ஒருவர் மண்டியிட்டுத் துணியால் நான்கு கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்குவதைப் போல, அதே வட்டமான கையசைவு. நான் நின்றதைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார். எழுத்துகள் சிறியவை. குனியாமல் படிக்க முடியவில்லை. நான்கில் ஒன்றில் இருந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தேன்: ஏழு வயது.

இரவு யாரோடும் சாப்பிடப் போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

எல்லாம் பூட்டு. காய்கறிக் கடை, துணிக்கடை, மருந்துக் கடை, எதுவும் இல்லை. நேற்றே வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நிலையத்துக்குள் ஒரு ரொட்டிக் கடை மட்டும் திறந்திருந்தது. உப்பு தூவிய பிரெட்ஸல் இரண்டு. அங்கேயே கழிப்பறைக்கு ஒரு யூரோ.

பேராலயத்தில் காலையில் வழிபாடு என்பதால் கோபுரம் ஏறினேன். 533 படி. வயதை மறந்து ஏறிவிட்டு, மேலே வெள்ளைப் பனியைத் தவிர எதையும் பார்க்காமல் இறங்கினேன். 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த கட்டடம். நான் ஏறிய நேரத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் முழங்கால் குறை சொன்னது.

மதியத்துக்குப் பிறகு உள்ளே விட்டார்கள். கருத்தரங்கில் இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தது தெற்குப் பக்கத்துச் சன்னலுக்காக. போரில் உடைந்த பழைய கண்ணாடிக்குப் பதிலாக ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2007-இல் அமைத்தது. புனிதர் இல்லை, ஆட்டுக்குட்டி இல்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சதுரங்கள், 72 நிறங்கள். எது எங்கே என்று பெருமளவு முடிவு செய்தது கணினி, குலுக்கல் முறையில். அப்போதைய கார்டினலுக்குப் பிடிக்கவில்லை. மசூதிக்குத்தான் பொருந்தும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

கீழே நின்று பார்த்தால் பழைய கணினி விளையாட்டின் திரையை யாரோ நூறு மடங்கு பெரிதாக்கி நிறுத்தியது போல இருக்கிறது. வெளியே வெயில் இல்லை; அப்படியும் கல் தூணில் ஊதாவும் மஞ்சளும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சீனக் குடும்பம், ஒரு பாட்டி, நான். சிறுவன் ஒருவன் விரலை நீட்டிச் சதுரங்களை எண்ணத் தொடங்கினான். முப்பது வரை நானும் அவனோடு எண்ணினேன். பிறகு இருவருக்குமே தவறிவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

காலை எட்டு மணிக்கு டிராமில் ஏறினால் உள்ளே தேனீக்கள், ஒட்டகச்சிவிங்கி ஒன்று, கன்னியாஸ்திரீ உடையில் தாடிக்காரர். பதினோராவது மாதம், பதினோராம் தேதி, 11 மணி 11 நிமிடத்துக்குக் கொலோனின் கார்னிவல் என்ற வேடத் திருவிழாவின் பருவம் தொடங்குகிறது. நேற்று வரை டிராமில் யாரும் யாரையும் பார்த்துக்கூடப் பேசவில்லை. இன்று முன்பின் தெரியாத ஒரு தேனீ என் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ ஒன்றைக் குத்திவிட்டு, நான் வேடமில்லாமல் வெளியே வந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. நான் இந்தியன், இது என் வேடம் என்றேன். ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

சிவப்புத் தொப்பியும் ஒட்டு மீசையுமாக, கணினி விளையாட்டு நாயகன் மாரியோவின் வேடத்தில் மூன்று மாரியோக்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை முழுக்க மீசையை எடுத்த கதை கேட்டவனுக்கு இது கொஞ்சம் அதிகம். பழைய சந்தைத் திடலை நெருங்கவே முடியவில்லை. சரியாக 11:11-க்கு ஒரு ஊரே சேர்ந்து கத்தியது. அதன் பிறகு பாட்டு, பீர், கட்டிப்பிடிப்பு, உடைந்த கண்ணாடி. ஒன்றரை மணிக்கெல்லாம் ஒட்டகச்சிவிங்கி ஒரு வாசற்படியில் கழுத்தைச் சாய்த்துத் தூங்கிவிட்டது.

மாலை ஐந்துக்கு அதே ஊர் வேறு ஊர் ஆனது. இன்று புனித மார்ட்டின் நாளும்கூட. விடுதிக்குப் பின் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் கையில் காகித விளக்குகளோடு வரிசையாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். முன்னால் சிவப்புப் போர்வை போட்ட ஒருவர் நிஜக் குதிரையில். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குப் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிக் கொடுத்த மார்ட்டின் அவர்தான். வரிசையில் ஒரு சிறுமியின் விளக்கு அணைந்துவிட்டது. பொத்தானைத் தட்டிப் பார்த்தாள். அவள் நின்றதும் பின்னால் இருந்த மொத்த வரிசையும் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. விளக்கு எரிந்ததும் நடந்தார்கள். மூலைக் கடையில் களிமண் புகைக்குழாய் பதித்த மனித உருவ ரொட்டி ஒன்று 2 யூரோ 50 சென்டுக்கு வாங்கி, காலிலிருந்து தின்னத் தொடங்கினேன்.

நாளை அதிகாலை கிளம்ப வேண்டும். பீட்சா அட்டையை மாணவி எனக்கே கொடுத்துவிட்டாள், அடியில் பெரியம்மா விதி ஜெர்மனில். பெட்டியில் அடங்கவில்லை. மடிக்கவும் மனமில்லை. கையில் பிடித்துக்கொண்டே இரவு பதினொன்றரைக்குக் கடைசியாக ஒரு நடை போனேன்.

பெரிய சாலை. வண்டி ஒன்றுகூட இல்லை. பாதசாரி விளக்கு சிவப்பு. நடைபாதை விளிம்பில் காலை மாரியோக்களில் ஒருவன், அல்லது அவனைப் போன்ற ஒருவன், மீசை பாதி உரிந்து தொங்க, நேராக நிற்க முடியாமல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இரண்டு தேனீக்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து. யாரும் கடக்கவில்லை. நானும் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பச்சை வர நெடுநேரம் ஆயிற்று.